வேலை வேண்டுமா? எழுதிக் கேட்போம், ரசீது வாங்குவோம்



வேலையில்லாதவர் எத்தனை பேர் என்று மத்திய அரசு கணக்கெடுக்கிறது. அதில் வாரக் கணக்கு என்று ஒன்று உண்டு. கடந்த 7 நாளில் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தால் போதும், அவர் 'வேலை உள்ளவர்'. கூலி வாங்காமல் வீட்டுக் கறவை மாட்டைப் பார்த்துக்கொண்டாலும் அப்படித்தான். ஆகவே வாரத்தில் ஒரே ஒரு நாள் களையெடுக்கப் போன நம்ம சகோதரி வேலையில்லாதவர் கணக்கில் வரமாட்டார். அவர் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று யாரும் கேட்பதில்லை.

ஓமந்தூர், திண்டிவனம் பக்கம் வேலை அடியோடு இல்லாமல் இல்லை. விட்டு விட்டு வருகிறது. நடவு, களை, மல்லாட்டை ஆய்தல் என்றால் கூப்பிடுவாங்க. அது முடிந்தால் வீட்டில்தான். கதிர் அறுப்பும் இப்போது மிஷினுக்குப் போய்விட்டது. மல்லாட்டை போட்ட சில நிலங்களில் சவுக்கு நட்டுவிட்டார்கள். அதை வெட்ட மூணு நாலு வருஷம் ஆகும், அதுவரை அதிகம் ஆள் வேண்டாம். நிலக்காரரை மட்டும் குறை சொல்லி என்ன பண்றது? தண்ணீர்ப் பஞ்சம் அவருக்கும் இருக்கிறது.

நிலம் இல்லாததும் ஒரு காரணம். நம்ம ஊர் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்தபோது, 1948ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. பெரிய காரியம்தான். ஆனால் அந்தச் சட்டத்தால் பட்டா கிடைத்தது நிலத்தை அனுபவித்து வந்த குடியானவர்களுக்கு. கூலிக்குப் போனவர்கள் கூலிக்காரர்களாகவே இருந்தார்கள்.

"குழுவில் கடன் வாங்கி சொந்தத் தொழில் செய்யுங்க" என்று எல்லாரும் சொல்கிறார்கள். நாமும் சொல்கிறோம். ஆனால் ஒரே தெருவில் நாலு பெட்டிக்கடை வைத்தால் வாங்குவது யார்? கையில் கூலிக் காசு புழங்கினால்தான் கடையும் ஓடும். அதனால் அரசு வேலை கொடுக்கத்தான் வேண்டும்.

1972 பஞ்சத்தின்போது மகாராஷ்டிரா அரசு கிராம மக்களுக்கு வேலை கொடுக்கத் தொடங்கியது. பின்னர் அதைச் சட்டமாகவே ஆக்கியது. அதே வழியில் 2005ல் நாடு முழுவதற்கும் நூறு நாள் வேலைச் சட்டம் வந்தது. 2006 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் முதலில் தொடங்கிய 6 மாவட்டங்களில் விழுப்புரமும் ஒன்று. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி, வேலையும் ஊருக்குப் பக்கத்தில். நம்ம மாநிலத்தில் இந்த வேலைக்குப் போனவர்களில் பெரும்பாலோர் பெண்களாக இருந்ததில் ஆச்சரியம் இல்லை. (நூறு நாள் என்பது ஒரு வீட்டுக்கு. மாமியார், மருமகள், மகன் எல்லாருக்கும் சேர்த்துத்தான்.)

நாம் பலரும் கவனிக்காத பகுதி ஒன்று அந்தச் சட்டத்தில் இருந்தது. வேலை கேட்டு எழுதிக் கொடுத்து 15 நாளுக்குள் வேலை தராவிட்டால், வேலையில்லாப் படி தர வேண்டும். முதல் 30 நாளுக்குக் கூலியில் கால் பங்கு, அதன்பின் பாதி. 2025-26ல் தமிழ்நாட்டுக்குக் கூலி 336 ரூபாய் என்றால், கால் பங்கு 84 ரூபாய். ஆனால் "வேலை வந்தா சொல்றோம், போங்க" என்றதும் நாம் திரும்பி வந்துவிடுகிறோம். வாயால் கேட்டதற்கு ஏது சாட்சி? தேதி போட்ட ரசீது கையில் இருந்தால்தான் 15 நாளை எண்ண முடியும். தனியாகப் போகத் தயங்கினால், குழுவாகச் சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுக்கலாம்.

2025 டிசம்பரில் இந்தச் சட்டத்துக்குப் பதிலாகப் பாராளுமன்றம் வேறொரு சட்டம் நிறைவேற்றியது. அதில் 125 நாள். 15 நாள் கணக்கும் படியும் அதிலும் உண்டு. ஆனால் முன்பு கூலி முழுவதும் மத்திய அரசு கொடுத்தது. புதிய சட்டப்படி செலவில் 40 சதவீதம் மாநிலத்தின் தலையில். இன்னொன்றும் இருக்கிறது. விதைப்பு, அறுவடைக் காலத்தில் வருஷத்துக்கு 60 நாள் வரை இந்த வேலை நடக்காது. வயலுக்கு ஆள் வேண்டுமாம்! மிஷின் அறுக்கும் ஊரில் அந்த 60 நாளும் நமக்கு எந்த வயலில் வேலை?

எந்த நாட்களில் நிறுத்துவது என்பதை மாநில அரசுதான் அறிவிக்க வேண்டும், பகுதிக்கு ஏற்ப மாற்றியும் அறிவிக்கலாம். ஆகவே கிராம சபைக்குப் போகும்போது, நம் ஊரில் எந்தெந்த மாதம் கைவேலை உண்மையிலேயே இருக்கிறது என்று குழுவில் பேசி, ஒரு தாளில் எழுதி எடுத்துப் போவோம். அதைத் தீர்மானமாகப் பதியச் சொல்லிக் கேட்போம்.