ஒரு சொல்லில் தங்கிய ஆக்கவுரிமை

கண்டி மாநகரின் மணிக்கூட்டுக் கோபுரத்தை அறியாதவர் இல்லை. மறைந்த தமது மைந்தனின் நினைவாக ஹாஜி முஹம்மத் இஸ்மாயில் கட்டுவித்த அக்கோபுரம் 1950 ஆம் ஆண்டு திறந்துவைக்கப்பட்டது. அதன் முட்களைப் பார்த்தவாறு பஸ்ஸுக்கு விரைவோரின் பையிலும் இன்று இன்னொரு மணிக்கூடு உண்டு. கையடக்கத் தொலைபேசியின் சில்லுக்குள், வினாடிக்குப் பல கோடித் தடவை துடிக்கும் மின் சமிக்ஞையே அது. அத்துடிப்புக்கு இசைந்தே தரவுகள் பரிமாறப்படுகின்றன.

ஒவ்வொரு துடிப்புக்கும் ஏற்றமும் இறக்கமும் உண்டு. முன்னைய நினைவகச் சில்லுகள் ஒன்றில் மாத்திரமே தரவை அனுப்பின. இரண்டிலும் அனுப்பினால் அதே துடிப்பில் இரு மடங்கு தரவு செல்லும். ஆனால், இம்மியளவு நேரம் பிசகினாலும் தரவு குழம்பிவிடும். எனவே, தாமதத்தைச் சரிசெய்யும் சுற்றொன்றும் சில்லுக்குள்ளேயே தேவைப்படுகின்றது.

இத்தகைய நுட்பங்கள் அடங்கிய விண்ணப்பமொன்றை அமெரிக்காவின் ராம்பஸ் நிறுவனத்தை நிறுவியோர் 1990 ஏப்ரலில் சமர்ப்பித்தனர். அதன் வழிவந்த ஆக்கவுரிமைகளைக் கொண்டு, 2000 ஆம் ஆண்டு ஜேர்மனியின் இன்பினியன் நிறுவனத்துக்கு எதிராக வேர்ஜினியாவில் வழக்குத் தொடரப்பட்டது. வழக்கு நுட்பத்தில் அன்றி, 'பஸ்' என்ற ஒரு சொல்லில் வந்து நின்றது. கண்டி வீதியில் ஓடும் பஸ் அன்று. சில்லுகளை இணைக்கும் கம்பித் தொகுதி. முகவரி, தரவு, கட்டளை யாவும் மாறிமாறிச் செல்லும் பொதுப் பாதையையே அச்சொல் குறிக்கும் என்றது கீழ் நீதிமன்றம், ராம்பஸ் தோற்றது. சாதாரணப் பொருளே போதும் என 2003 ஜனவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றம் கூற, வழக்கு மீண்டும் உயிர்பெற்றது. 2005 இல் அது இணக்கத்தில் முடிந்தது.

தொழிற்துறையின் தரநிர்ணயக் கூட்டங்களில் அமர்ந்திருந்த ராம்பஸ், தனது விண்ணப்பங்களைப் பற்றி வாய்திறக்கவில்லை என்ற குற்றச்சாட்டும் இருந்தது. ஜூரிகள் மோசடி என்றனர். வெளியிட வேண்டிய கடமையை அவ்வமைப்பின் விதிகள் தெளிவாக வரையறுக்கவில்லை எனக் கூறி, மேன்முறையீட்டில் அதுவும் தள்ளப்பட்டது. தீர்ப்பு எவ்வாறாயினும், அம்மௌனத்தை நேர்மை எனக் கூற நாம் துணியோம்.

பேராதனைப் பொறியியற் பீடத்தில் பயிலும் எமது தமிழ், முஸ்லிம் மாணவருக்கு இது தொலைதூரச் செய்தியன்று. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஆக்கவுரிமைக்கு விண்ணப்பத் திகதியிலிருந்து 20 ஆண்டுகள் அளிக்கின்றது. அதன் எல்லையை வகுப்பவை உரிமைக்கோரலின் சொற்களே. பிணக்கு எழுந்தால் நாடவேண்டிய வணிக மேல் நீதிமன்றம் கொழும்பில் அமர்கின்றது; வழக்குச் செலவோடு வழிச்செலவும் சேரும். சுற்று வரையக் கற்பிக்கும் பீடத்திலேயே உரிமைக்கோரல் எழுதவும் கற்பிக்கப்பட வேண்டும் என்பதே எமது வேண்டுகோள்.