ஊரெங்கும் பிளேக்... டைரியில் சந்தோஷம்! லண்டன் அரசு ஊழியர் மறைக்காமல் எழுதிய உண்மை

1665-ம் ஆண்டு, டிசம்பர் 31. லண்டனை ஒட்டிய கிரீனிச்சில், 32 வயது அரசு ஊழியர் ஒருவர் வருடக் கணக்கைப் பார்க்க உட்கார்கிறார். அந்த ஒரே வருடத்தில் லண்டனில் பிளேக் நோய்க்குப் பலியானவர்கள், அரசுக் கணக்குப்படியே 68,596 பேர். உண்மையில் ஒரு லட்சத்தைத் தொட்டிருக்கலாம் என்கிறார்கள் வரலாற்று ஆய்வாளர்கள். ஏறக்குறைய ஊரில் ஐந்தில் ஒருவர். அவருடைய டாக்டர் இறந்துவிட்டார். தினமும் அவரை ஏற்றிச் சென்ற படகோட்டி இறந்துவிட்டார். அவரிடம் வேலை பார்த்த இரண்டு இளைஞர்கள் ஒரே வாரத்தில் தங்கள் அப்பாக்களை இழந்தார்கள்.

கணக்கை முடித்துவிட்டு அவர் டைரியில் எழுதியது என்ன தெரியுமா? இந்த பிளேக் காலத்தில் இருந்ததுபோல வாழ்க்கையில் எப்போதும் இத்தனை சந்தோஷமாக இருந்ததில்லையாம். 1,300 பவுண்டாக இருந்த சொத்து 4,400 பவுண்டாக உயர்ந்துவிட்டதாம்!

படித்ததும் கோபம் வருகிறதா? அவர் எழுதிய மற்ற பக்கங்களையும் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

அவர் பெயர் சாமுவேல் பீப்ஸ். தையல்காரரின் மகன். படிப்பாலும் உறவினர் சிபாரிசாலும் இங்கிலாந்து கடற்படை அலுவலகத்தில் பெரிய பொறுப்புக்கு வந்தவர். 1660 ஜனவரி 1 முதல் 1669 மே 31 வரை டைரி எழுதினார். மொத்தம் பத்து லட்சம் வார்த்தைகளுக்கு மேல்! புதுச்சேரியில் 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையை 'இந்தியாவின் பீப்ஸ்' என்று சொல்வார்களே, அந்த பீப்ஸ் இவர்தான்.

2020 லாக்டவுன் நேரத்தில் இவர் பெயர் மறுபடி பிரபலமானது. தெருவில் கும்மாளமடிக்கும் இளைஞர்களைத் திட்டி இவர் எழுதியதாக ஒரு பதிவு சமூக வலைதளங்களில் சுற்றியது. அது போலி. உண்மையில் இவர் எழுதியது அதைவிட சுவாரஸ்யமானது. ஏனென்றால், அதில் ஊரைத் திட்டியது மட்டும் இல்லை. தன்னையும் காட்டிக்கொடுத்திருக்கிறார்.

சிவப்புச் சிலுவையும் ஒரு சுருட்டுப் புகையிலையும்

1665 ஜூன் 7. கடுமையான வெயில் நாள். லண்டனின் டிரூரி லேன் தெருவில் இரண்டு மூன்று வீடுகளின் கதவில் சிவப்புச் சிலுவை வரையப்பட்டிருந்ததை பீப்ஸ் பார்க்கிறார். பக்கத்திலேயே கடவுளின் கருணையை வேண்டும் வாசகம். அந்த வீட்டில் பிளேக் நுழைந்துவிட்டது என்று அர்த்தம். நோயாளியோடு சேர்த்து மொத்தக் குடும்பத்தையும் உள்ளே வைத்துப் பூட்டி, வாசலில் காவல் போட்டுவிடுவார்கள். கெடு 40 நாள்.

பார்த்ததும் பீப்ஸுக்குக் கைகால் உதறல். புகையிலை பிளேக்கை விரட்டும் என்று ஊரில் பேச்சு. உடனே ஒரு சுருட்டுப் புகையிலை வாங்கி, முகர்ந்து பார்த்து, கொஞ்சம் மென்றும் பார்த்தார். அதன் பிறகுதான் மனசு சமாதானம் ஆனதாக எழுதுகிறார். படித்தவர், அதிகாரி, பின்னாளில் ராயல் சொசைட்டிக்கே தலைவர். நியூட்டனின் 'பிரின்சிபியா' புத்தகத்தின் முதல் பக்கத்தில் அச்சிட அனுமதி கொடுத்தவராக இருப்பது இவர் பெயர்தான். பயம் வந்தால் அவருக்கும் புகையிலைதான் மருந்து!

அப்போது வாரம்தோறும் மரணப் பட்டியல் அச்சாகி விற்பனைக்கு வரும். இன்று மாலை என்ன எண்ணிக்கை என்று 2020-ல் டிவி முன்னால் காத்திருந்தோமே, அதேபோல பீப்ஸும் அந்தப் பட்டியலுக்குக் காத்திருந்தார். ஆனால், அரசு எண்ணிக்கையை அப்படியே நம்பும் ஆள் இல்லை. ஆகஸ்ட் 30 அன்று தன் பகுதி சர்ச் குமாஸ்தாவிடம் விசாரிக்கிறார். ஒன்பது பேர் இறந்தார்கள், ஆறு என்றுதான் கணக்குக் கொடுத்தேன் என்கிறார் குமாஸ்தா. மறுநாள் வந்த பட்டியலில் பிளேக் சாவு 6,102. எல்லாச் சாவுகளையும் சேர்த்து 7,496. உண்மை 10,000-ஐ நெருங்கும் என்று எழுதுகிறார் பீப்ஸ். ஏழைகளின் சாவு கணக்கில் சேர்வதில்லை என்பது அவர் சொல்லும் ஒரு காரணம்.

ஆகஸ்ட் 22 அன்று கிரீனிச் பக்கம் நடந்து போகும்போது, பிளேக்கில் இறந்த ஒருவரின் சவப்பெட்டி திறந்தவெளியில் கிடக்கிறது. புதைக்க யாரையும் ஏற்பாடு செய்யவில்லை. அந்த வீட்டு ஆட்கள் வெளியே வந்துவிடாமலிருக்கக் காவல் மட்டும் இரவு பகலாகப் போட்டிருக்கிறார்கள். நாய்க்குக் காட்டும் இரக்கத்தைக்கூட மனிதனுக்கு மனிதன் காட்டாதபடி இந்த நோய் நம்மை ஆக்கிவிட்டதே என்று நொந்துபோகிறார்.

"ராஜாவும் மனுஷன்தானே!"

பீப்ஸின் அரசியல் கருத்துகள் தனி ரகம். 1649-ல் மன்னர் முதலாம் சார்லஸின் தலையை வெட்டியதை 15 வயதுப் பள்ளி மாணவனாக நேரில் பார்த்தவர். அன்று மன்னருக்கு எதிராக வீராவேசமாகப் பேசியும் இருக்கிறார். 11 வருடம் கழித்துக் காற்று மாறியது. வெட்டப்பட்ட மன்னரின் மகன் இரண்டாம் சார்லஸை ஹாலந்திலிருந்து அழைத்துவரப் போன கப்பலில் பீப்ஸ் இருந்தார். அதன்பின் பழைய பள்ளித் தோழன் ஒருவனைப் பார்க்கும்போது, 'அன்று நான் பேசியது இவனுக்கு ஞாபகம் இருக்குமோ' என்று உள்ளூர நடுங்கியதையும் எழுதியிருக்கிறார். பழைய ட்வீட்டை நினைத்துத் தூக்கம் தொலைப்பவர்களுக்கு இந்த நடுக்கம் புரியும்!

மன்னரோடு கரை இறங்கும் நாளில், படகில் ராஜாவின் நாய் அசிங்கம் செய்துவிடுகிறது. எல்லோரும் சிரிக்கிறார்கள். பீப்ஸுக்கு மட்டும் ஒரு ஞானம் பிறக்கிறது. ராஜாவும் அவரைச் சேர்ந்த எல்லாமும் மற்றவர்களைப் போலத்தான்!

அந்த ராஜா, பிளேக் பரவியதும் அரசவையோடு லண்டனைவிட்டுக் கிளம்பிவிட்டார். மனைவி எலிசபெத்தை ஜூலையில் வூல்விச்சுக்கு அனுப்பிய பீப்ஸ், ஆகஸ்ட் கடைசிவரை நகரத்தில் இருந்து வேலை பார்த்தார். நாளை உயிரோடு இருப்போமா என்பது தெரியாததால் உயிலையும் புதிதாக எழுதிவைத்தார். ஹாலந்தோடு போர் நடந்துகொண்டிருந்ததால் கடற்படை அலுவலகத்தை மூட முடியாது. அதே போர்தான் அவர் பையையும் நிரப்பியது. சப்ளை கான்ட்ராக்ட்டுகள், அவற்றோடு வரும் 'அன்பளிப்பு'கள், கூடுதல் பதவிகள் என்று சொத்து மூன்று மடங்குக்கு மேல் ஆனது இப்படித்தான்.

மறுபக்கம், போரில் உயிரைக் கொடுத்த மாலுமிகளுக்குச் சம்பளம் இல்லை. பணத்துக்குப் பதில் வெறும் சீட்டு. அக்டோபர் 7 அன்று அலுவலக வாசலில் பட்டினியோடு கிடந்த மாலுமிகளின் ஓலத்தில் வேலையே ஓடவில்லை என்று எழுதுகிறார். அவர்களுக்கு நடப்பது அநியாயம் என்று அவருக்குத் தெரியும். தன் பை நிரம்புவதும் தெரியும். இரண்டையும் ஒரே பேனாவால் எழுதினார்.

அதன் விலையை நாடு 1667 ஜூனில் கொடுத்தது. டச்சுக் கப்பல்கள் மெட்வே ஆற்றுக்குள் புகுந்து, ராஜாவை அழைத்துவந்த அதே 'ராயல் சார்லஸ்' கப்பலை இழுத்துக்கொண்டு போயின. புருஷன்மார்களுக்குச் சம்பளம் கொடுக்காததற்கு இதுதான் பலன் என்று மாலுமிகளின் மனைவிகள் தெருவில் கத்தினார்கள். பீப்ஸ் என்ன செய்தார்? 1,300 பவுண்டு தங்கத்தைத் தன் அப்பாவிடமும் மனைவியிடமும் கொடுத்து ஊருக்கு அனுப்பி, தோட்டத்தில் புதைக்கச் சொன்னார். அவர்களோ பட்டப்பகலில் புதைத்துவிட்டார்கள். அக்டோபரில் லாந்தரோடு போய்த் தோண்டினால், பை மக்கி, காசுகள் மண்ணோடு கலந்திருந்தன. மண்ணைச் சலித்து எடுத்தார் நம் அதிகாரி!

டீ, வாட்ச், ஷேக்ஸ்பியர்... ஒரு சீஸ்!

பயமும் அரசியலும் ஒரு பக்கம் இருந்தாலும், சின்னச் சின்ன சந்தோஷங்களை பீப்ஸ் விட்டதே இல்லை. 1660 செப்டம்பர் 25 அன்று முதன்முதலாக ஒரு கப் டீ குடித்தார். அப்போது அது சீனாவிலிருந்து வந்த புதுமை. அதையும் டைரியில் பதிவு செய்தார்.

1665 மே மாதம், பிளேக் பற்றிய பேச்சு ஆரம்பித்த நேரத்தில், கைக்கு ஒரு வாட்ச் வந்தது. அன்று மதியம் முழுக்க வண்டியில் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு, நூறு தடவை மணி பார்த்ததாகவும், இன்னும் சின்னப் பிள்ளைத்தனம் போகவில்லையே என்றும் எழுதுகிறார். புது மொபைல் வாங்கிய முதல் நாளை நினைத்துக்கொள்ளுங்கள்.

நாடகப் பைத்தியம் வேறு. ஆனால், விமர்சனத்தில் யாருக்கும் சலுகை கிடையாது. ஷேக்ஸ்பியரின் 'ரோமியோ அண்ட் ஜூலியட்' அவர் பார்த்ததிலேயே மோசமான நாடகமாம். 'எ மிட்சம்மர் நைட்ஸ் டிரீம்' சப்பென்று இருந்ததாம், இனி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டாராம்!

பிளேக் உச்சத்தை நோக்கிப் போன ஜூலையில், ஒரு கல்யாணத்துக்கும் ஓடியாடி வேலை பார்த்தார். மாப்பிள்ளை ரொம்பக் கூச்ச சுபாவம். பெண்ணின் கையை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்ததே பீப்ஸ்தான். ஜூலை 31 கல்யாணத்தன்று, ஆற்றைக் கடந்து வருவதில் தாமதமாகி, முகூர்த்தத்தைத் தவறவிட்டார். விருந்தைத் தவறவிடவில்லை.

அடுத்த ஆண்டு, 1666 செப்டம்பரில், லண்டனே தீப்பிடித்து எரிந்தது. தீ தன் வீட்டை நெருங்கியபோது தோட்டத்தில் குழி தோண்டி அவர் பத்திரமாகப் புதைத்தவற்றில் ஒயினும், இத்தாலியிலிருந்து வந்த பார்மசான் சீஸும் உண்டு!

இந்த ரசனைக்காரரை நல்லவர் என்று சொல்லிவிட முடியாது. வீட்டு வேலைக்கு வந்த பெண்களிடமும், உதவி கேட்டு வந்த ஊழியர்களின் மனைவிகளிடமும் அத்துமீறியதை அவரே எழுதியிருக்கிறார். அந்த இடங்களில் மட்டும் வேற்றுமொழி வார்த்தைகளைக் கலந்திருப்பார். 1668 அக்டோபரில் மனைவியிடம் கையும் களவுமாகப் பிடிபட்டார். இதைக் குறும்பு என்று சிரித்துவிட்டுக் கடக்க முடியாது. அந்தப் பெண்களுக்கு டைரி எழுதும் வாய்ப்பு இருக்கவில்லை.

ஒரு விக், ஒரு குழந்தை

பீப்ஸை முழுதாகப் புரிந்துகொள்ள ஒரே ஒரு நாள் போதும். 1665 செப்டம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை. காலையில் பட்டுச் சட்டை போட்டு, புது விக் வைத்துக்கொள்கிறார். வாங்கி நாளாகிவிட்டது. வாங்கிய இடத்தில் பிளேக் இருந்ததால் வைத்துக்கொள்ளப் பயம். பிளேக் முடிந்த பிறகு விக் ஃபேஷன் என்ன ஆகும், செத்தவர் தலைமுடியாக இருக்குமோ என்று யாரும் வாங்க மாட்டார்களே என்று யோசிக்கிறார்.

அன்றே கிரீனிச் சர்ச்சில் ஊர்ப் பொறுப்பாளர்களோடு கூட்டம். தடை போட்டும் சவ ஊர்வலத்தை வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூட்டமாகப் போகிறார்களே என்று எல்லோருக்கும் எரிச்சல். அப்போது ஒரு புகார் வருகிறது. பிளேக் வந்த லண்டன் வீட்டிலிருந்து ஒரு குழந்தையை ஊருக்குள் கொண்டுவந்துவிட்டார் ஒருவர்!

விசாரிக்கிறார்கள். குழந்தையின் அப்பா குதிரைச் சேணம் செய்பவர். மற்ற எல்லாப் பிள்ளைகளையும் பிளேக்குக்குப் பறிகொடுத்துவிட்டார். கணவனும் மனைவியும் பூட்டிய வீட்டுக்குள் இருக்கிறார்கள். தாங்கள் பிழைப்போம் என்ற நம்பிக்கை இல்லை. மிச்சமிருக்கும் இந்த ஒரு உயிராவது பிழைக்கட்டும் என்று, நோய் ஒட்டியிருக்கக்கூடிய துணிகளையெல்லாம் கழற்றிவிட்டு, உடம்பில் ஒட்டுத் துணி இல்லாமல் குழந்தையை நண்பரின் கைகளில் கொடுத்திருக்கிறார்கள். அவர் புதுத் துணி உடுத்தி கிரீனிச்சுக்குத் தூக்கிவந்திருக்கிறார்.

சட்டப்படி அந்தக் குழந்தைக்கு அனுமதி இல்லை. ஊரில் எல்லோருக்கும் உயிர்ப் பயம். கூட்டத்தில் உட்கார்ந்திருந்த பீப்ஸும், விக்கில் இருக்கும் முடிக்கே பயந்தவர்தான். ஆனால், கதையைக் கேட்டதும் அவர்கள் எடுத்த முடிவு: குழந்தை ஊரிலேயே இருக்கட்டும்.

விக் கவலையும், ஊர்மேல் எரிச்சலும், அந்தக் குழந்தையும் ஒரே நாள் பக்கத்தில் இருக்கின்றன. பெரிய மனிதராகக் காட்டிக்கொள்ள நினைத்திருந்தால் விக்கை விட்டிருப்பார். டிசம்பர் 31-ல் சந்தோஷத்தையும் மறைத்திருப்பார். அவர் மறைக்கவில்லை.

கண் பார்வை போய்விடுமோ என்ற பயத்தில் 1669-ல் டைரியை நிறுத்தினார். பார்வை போகவில்லை. 1703 வரை வாழ்ந்தார். சுருக்கெழுத்தில் இருந்த அந்த ஆறு தொகுதிகள், அவருடைய 3,000 புத்தகங்களோடு கேம்பிரிட்ஜின் மாட்லின் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தன. 1825-ல்தான் முதன்முதலாக அச்சில் வந்தன.

2020-ஐப் பற்றிக் கேட்டால் எல்லோரும் பயத்தையும் இழப்பையும் சொல்வோம். அதெல்லாம் உண்மை. அதோடு, அப்பா வீட்டிலேயே இருந்த மதியங்கள், மொட்டை மாடி கேரம் ஆட்டம், பக்கத்து வீட்டில் ஒருவருக்கு பாசிட்டிவ் என்றதும் நாம் சாத்திக்கொண்ட ஜன்னல்... இவையும் உண்மைதான். உங்கள் 2020 டைரியில், யாரும் படிக்க மாட்டார்கள் என்றால், எதையெல்லாம் எழுதியிருப்பீர்கள்?