புளியும் ஆசிட்டும்

பாட்டி வீட்டில் குளியலறை என்று தனியாக எதுவும் கிடையாது. கும்பகோணம் பக்கத்துக் கிராமம். கொல்லைக் கிணற்றடியில் ஒரு துவைகல், சுற்றிலும் கீற்றுத் தட்டி. அந்த மறைப்பும் பெண்களுக்குத்தான். ஆண்கள் வாளியும் கயிறுமாக வெட்டவெளியில் குளித்தார்கள். மழைக்காலத்தில் கருங்கல்லில் பாசி ஏறும். யாராவது ஒருவர் வழுக்கி விழுந்த பிறகு தாத்தா ஈர்க்குமாற்றை எடுப்பார். மணலைத் தூவி நாலு தேய். அந்தக் கிணற்றடி கண்ட துப்புரவு அவ்வளவுதான்.

துலக்கியதெல்லாம் பாத்திரத்தைத்தான். வெந்நீர்த் தவலை, குடம், சொம்பு எல்லாமே பித்தளையும் செம்பும். குழம்புக்குக் கரைத்த புளியின் சக்கையைப் பாட்டி எறியமாட்டாள். கொட்டாங்கச்சியில் சேர்த்துவைத்து, வியாழக்கிழமை மத்தியானம் கிணற்றடிக்கு எடுத்து வருவாள். சக்கையோடு கொஞ்சம் உப்பு. தவலை முழுக்கப் பூசுவாளே தவிர உடனே தேய்க்கமாட்டாள். உட்கார்ந்து வெற்றிலை போடுவாள். அதை மென்று முடிக்கிற நேரம்தான் கணக்கு. அப்புறம் தேங்காய் நாரும் சாம்பலுமாக ஒரு சுற்று. பச்சையும் கறுப்புமாக இருந்த செம்பு இளஞ்சிவப்பாக வெளியே வரும். புளியில் டார்டாரிக் அமிலம் இருக்கிறது, களிம்பைக் கரைப்பது அதுதான் என்று பின்னால் பள்ளிக்கூடத்தில் படித்தேன். பெயர் தெரியாவிட்டாலும் அது ஊற வேண்டும் என்பது பாட்டிக்குத் தெரிந்திருந்தது.

இப்போது நான் இருப்பது சென்னைக்குத் தெற்கே, மேடவாக்கம் பக்கம், மூன்றாவது மாடி. குடிவந்த அன்று குளியலறையைப் பார்த்து அம்மா அசந்துபோனாள். சுவர் முழுக்க வெள்ளை டைல்ஸ், முகம் பார்க்கலாம் போலக் குரோம் குழாய்கள், பாலாடை நிறத்தில் வெஸ்டர்ன் பேசின். ஒரு வருடம்கூட ஆகவில்லை, குழாய்கள் எல்லாம் விபூதிப் பட்டை போட்டுக்கொண்டன. ஷவரில் பாதி ஓட்டைகள் அடைத்துக்கொண்டு, மீதி ஓட்டைகள் சுவரைப் பார்த்துப் பீய்ச்சின. கீசர் கரகரவென்று சத்தம் போட்டது. பேசினில் தண்ணீர் கோட்டுக்குக் கீழே காவி நிறத்தில் ஒரு வளையம்.

போர் தண்ணீரின் வேலை. பூமிக்குள் ஆழத்தில் பாறையோடு கிடக்கிற தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் கரைந்திருக்கும். தண்ணீர் காய்ந்தால் அவை படிந்து நிற்கும். சூடாக்கினால் இன்னும் வேகமாகப் படியும். கீசருக்கு ஆயுசு குறைவது அதனால்தான். குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். எங்கள் போர் அந்த இரண்டாவது கோட்டையும் தாண்டியிருந்தது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீரை நம்பி இருந்த மாதங்களில் வெள்ளைக் கறையோடு மஞ்சளும் சேர்ந்துகொண்டது. அது இரும்பு.

குழாயின் கழுத்தில் கட்டியிருந்ததை ஒருநாள் நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். எங்கேயோ பார்த்த பொருளாக இருந்தது. பாட்டியின் வெற்றிலைப் பெட்டியில், சுண்ணாம்புக் கரண்டகத்தின் ஓரத்தில் காய்ந்து கல்லாய்ப் போயிருக்குமே, அதேதான். வேதியியலும் அதைத்தான் சொல்கிறது: இரண்டும் கால்சியம் கார்பனேட்.

இன்னொரு விஷயமும் அப்போதுதான் உறைத்தது. பாட்டி தேய்த்துக் குளித்தது பயத்தமாவு, தலைக்குச் சீயக்காய். சோப்பும் கடின நீரும் சேர்ந்தால் திரிதிரியாக ஒரு பிசுக்கு உண்டாகும். பக்கெட்டின் உள்விளிம்பிலும் டைல்ஸிலும் சாம்பல் நிறத்தில் ஒட்டுமே, அது. சீயக்காய்க்கும் பயத்தமாவுக்கும் அந்தப் பிசுக்குக் கிடையாது. ஆழத்துத் தண்ணீர், சோப்பு, துளி விழுந்தாலே காட்டிக்கொடுக்கிற பளபளப்பு ஆகிய மூன்றையும் நாமே வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டு, கறை போகமாட்டேன் என்கிறது என்று அலுத்துக்கொள்கிறோம்.

அலுப்புக்கு மருந்து தெருவிலேயே வரும். “பினாயில், ஆசிட், பிளீச்சிங் பவுடர்” என்று ராகம் போட்டு, சைக்கிள் கேரியரில் கேன்களைக் கட்டிக்கொண்டு ஒருவர் வருவார். ஆசிட் விற்பவர் வாங்குகிறவரின் அடையாள அட்டையைப் பார்க்க வேண்டும், பதிவேட்டில் எழுத வேண்டும் என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இந்தச் சைக்கிளில் பதிவேடு எதையும் நான் பார்த்ததில்லை. “ஊத்தி அஞ்சு நிமிசம் வுடும்மா, பளிச்னு பூடும்” என்பார். போகத்தான் செய்தது. ஊற்றியதும் புஸ்ஸென்று நுரைத்துப் பொங்கும், கண் எரியும், இருமல் வரும், ஆனால் கறை மாயம். இரண்டு வருடம் வாராவாரம் ஊற்றினேன்.

முதலில் குழாய் போனது. மின்னிய குரோம் புள்ளி புள்ளியாக உரிந்து, அடியில் இருந்த பித்தளை எட்டிப் பார்த்தது. அப்புறம் கீழ்வீட்டுக்காரர் வந்தார். “எங்க பாத்ரூம் சீலிங்ல ஈரம் இறங்குதுங்க.” பிளம்பர் வந்து தரையில் குந்தி, டைல்ஸ் இடுக்கில் ஸ்க்ரூ டிரைவரை விட்டுக் கிளறினார். ஒயிட் சிமெண்ட் மாவாகக் கொட்டியது.

“ஆசிட் ஊத்துவீங்களாக்கா?”

நான் பதில் சொல்லவில்லை.

“கறையும் சுண்ணாம்பு, சிமெண்டும் சுண்ணாம்புதான். அதுக்கு வித்தியாசம் தெரியாதுக்கா.”

எத்தனையோ கட்டுரை படித்தும் எனக்குப் புரியாததை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். பீங்கானின் மேல்பூச்சு இந்த ஆசிட்டை, அதாவது ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை, தாங்கும். கடையில் பாட்டிலில் விற்கும் டாய்லெட் கிளீனர்கள் பலவற்றிலும் இருப்பது அதே அமிலம்தான், கொஞ்சம் நீர்த்தது. அவற்றைப் பேசினோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். குழாய், மொசைக், ஆத்தங்குடிக் கல், டைல்ஸ் இடுக்கு எதுவும் அதைத் தாங்காது. கம்பி நாரால் தேய்ப்பது அதைவிட மோசம். கீறல் விழுந்த இடத்தில் அடுத்த கறை இன்னும் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும்.

இப்போது எங்கள் வீட்டில் ஆசிட் கேன் இல்லை. ஷவர் தலையைக் கழற்றி, வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்த கிண்ணத்தில் ஒரு மணி நேரம் போட்டுவிடுகிறேன். பழைய டூத் பிரஷால் தட்டினால் கட்டி உதிர்கிறது. சிட்ரிக் அமிலத் தூள் மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்ற பெயரில் கிடைக்கிறது. ஒரு கப் வெந்நீரில் இரண்டு ஸ்பூன் கரைத்துத் துணியில் நனைத்து, குழாயின் கழுத்தில் சுற்றிவைத்தால் போதும். காவி வளையத்துக்கு மட்டும் இதெல்லாம் அவ்வளவாக எடுபடாது. மொசைக் பாலிஷ்காரர்கள் வைத்திருக்கும் ஆக்ஸாலிக் பவுடர்தான் இரும்புக் கறையை அசைக்கும். அது விஷம், கையுறை இல்லாமல் தொடக் கூடாது, குழந்தைகள் கைக்கு எட்டும் இடத்தில் வைக்கவும் கூடாது. குளித்து முடித்ததும் குழாயை ஒரு துணியால் துடைத்துவிடுவது எல்லாவற்றையும்விட மலிவு. என் வீட்டில் அதை என்னைத் தவிர யாரும் செய்வதில்லை என்பது வேறு கதை.

ஆசிட்டையோ டாய்லெட் கிளீனரையோ பிளீச்சிங் பவுடரோடு சேர்த்து மட்டும் ஊற்றாதீர்கள். கிளம்புவது குளோரின் வாயு. கதவு சாத்திய குளியலறையில் ஆளைச் சாய்த்துவிடும். சாம்பாருக்குக் கரைத்த புளிச்சக்கை, சாறு பிழிந்த எலுமிச்சை மூடி எது இருந்தாலும் இன்று குப்பையில் போடாமல் குழாயின் வாயில் அப்பிவையுங்கள். பத்து நிமிடம் போதும், பிறகு கழுவிவிடுங்கள். குரோமுக்கு அதுவும் அமிலம்தான்.