குழந்தைத் தோல் மருத்துவம்

தோல் நம் உடலைக் காக்கும் அரண் ஆகும். குழந்தைகட்கு உடல் எடையை நோக்கத் தோற்பரப்பு மிகுதி. ஆதலின், தோலின்மேல் பூசும் மருந்து பெரியோரினும் அவர்கள் உடலில் மிகுதியாகச் சேரும். பெரியோர்க்கு நலந் தரும் மருந்து மழலையர்க்குத் தீங்கு விளைத்தலும் உண்டு. இக்காரணம் பற்றியே குழந்தைத் தோல் மருத்துவம் தனித்துறையாக வளர்ந்தது.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் இத்துறைக்கெனச் சங்கம் ஒன்று 1975ஆம் ஆண்டில் தோன்றியது. தனித் தகுதித் தேர்வு 2004ஆம் ஆண்டில் தொடங்கியது. இத்துறையில் வல்லுநராக விரும்புவோர் மருத்துவக் கல்லூரியில் 4 ஆண்டும், பொதுப் பயிற்சியில் 1 ஆண்டும், தோல் மருத்துவத்தில் 3 ஆண்டும், குழந்தைத் தோல் மருத்துவத்தில் மேலும் 1 ஆண்டும் பயிலுதல் வேண்டும். இந்நெடும் பயிற்சிக்கு முன்வருவோர் சிலரே. அவருள்ளும் பெரும்பாலோர் பெருநகரங்களிலேயே தங்கிவிடுகின்றனர்.

இக்குறையால் விளையும் கேடு யாது? சில குழந்தைகட்குப் பிறந்த சின்னாளில் குருதிக்குழாய்க் கட்டி சிவந்து தோன்றும். பெரும்பாலும் அது தானே சுருங்கிவிடும். ஆயின், கண்ணருகே வளருமாயின் பார்வையைக் கெடுத்தல் கூடும். புரொப்ரனலால் என்னும் இதயநோய் மருந்து அக்கட்டியை அடக்குதலைப் பிரான்சு நாட்டு மருத்துவர்கள் 2008ஆம் ஆண்டில் உலகிற்கு அறிவித்தனர். எனினும், கட்டி மிக விரைந்து வளர்வது முதற்சில வாரங்களிலேயே ஆகும். வல்லுநரைக் காணப் பன்னாள் காத்திருப்பின், அரிய மருந்து இருந்தும் பயன் என்னை?

ஆகவே, குழந்தை மருத்துவர் அனைவர்க்கும் தோல்நோய்ப் பயிற்சி அளித்தல் வேண்டும். தொலைவிலுள்ளோர் நிழற்படம் அனுப்பி வல்லுநரின் கருத்தை அறிதலும் நன்று. கற்பிப்போரும் கற்போரும் பெருகினாலன்றி, கண்டறிந்த மருந்து உரிய காலத்தில் உரிய குழந்தையைச் சென்றடையாது.