ஆம்ப்ளிஃபயர் பழுதானால் யாரிடம் கொடுப்பது?

வீட்டு ஆம்ப்ளிஃபயரோ ஹோம் தியேட்டரோ திடீரென்று ஊமையாகிவிட்டால், தருமபுரி மாவட்டத்துக்காரர்களுக்கு மூன்று வழிகள் உண்டு: உள்ளூர் மெக்கானிக், தெற்கே 65 கி.மீ. தொலைவில் சேலம், வடக்கே சுமார் 130 கி.மீ. தொலைவில் பெங்களூரு. பெரிய ஊரில்தான் வேலை சுத்தமாக இருக்கும் என்று பலர் செட்டைப் பேருந்தில் ஏற்றிவிடுகிறார்கள். பெரும்பாலான பழுதுகளுக்கு அந்த அலைச்சல் வேண்டியதே இல்லை.

உள்ளூரில் யார் கை நல்ல கை என்று விசாரிக்கச் சரியான இடம் மைக்செட் கடை. மாரியம்மன் பண்டிகை, கல்யாணம், காதுகுத்து என்று அரூரிலும் பாலக்கோட்டிலும் பென்னாகரத்திலும் மைக்செட் ஓடிக்கொண்டே இருக்கும். திருவிழா இரவில் ஆம்ப்ளிஃபயர் நின்றால் வாடகையும் போகும், பேரும் போகும். ஆகவே மைக்செட்காரர் தன் செட்டை யாரிடம் கொடுக்கிறாரோ, அவரை நம்பலாம். எந்தப் பெயர்ப்பலகையும் இவ்வளவு உறுதி தராது. ஸ்பீக்கருக்குக் கோன் மாற்றுபவர், காயில் கட்டுபவர் யார் என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

நல்ல மெக்கானிக்கை அவர் வேலையைத் தொடங்கும் விதத்திலேயே அடையாளம் காணலாம். ஒரு பக்கம் மட்டும் பாடவில்லையா, கருகிய வாடை வந்ததா, மின்சாரம் ஏறி இறங்கியதா என்று முதலில் கேட்பார். பிறகு செட்டை நேராக 230 வோல்ட்டில் செருகாமல், சீரிஸ் பல்பு வழியாக இணைப்பார். பல்பு ஒரு கணம் மின்னி மங்கினால் பெரும்பாலும் பயமில்லை. முழு வெளிச்சத்தில் நின்றால் உள்ளே எங்கோ ஷார்ட். ஸ்பீக்கரை மாட்டுமுன் அவுட்புட்டில் டிசி வோல்டேஜ் வருகிறதா என்று மல்டிமீட்டர் வைத்துப் பார்ப்பார். இதைப் பாராமல் மாட்டினால் ஸ்பீக்கர் காயிலும் சேர்ந்து கருகும்.

பழுதுகளில் பல எளியவை. வால்யூமைத் திருகும்போது கரகரத்தால் வால்யூம் கன்ட்ரோல் தேய்ந்திருக்கும், அல்லது அதில் தூசி ஏறியிருக்கும். பாட்டே போடாதபோதும் 'உம்' என்ற இரைச்சல் வந்தால் ஃபில்டர் கெப்பாசிட்டர் மீதுதான் முதல் சந்தேகம். அதன் தலை உப்பியிருப்பதும் உண்டு. எட்டு ஓம் ஸ்பீக்கர் மல்டிமீட்டரில் 6 முதல் 7 ஓம் வரை காட்டும். எதுவுமே காட்டாவிட்டால் காயில் அறுந்துவிட்டது. இந்தச் சோதனையை, ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, வீட்டிலேயே செய்யலாம். ஆனால் ஆம்ப்ளிஃபயர் மூடியைத் திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்னேற்றம் தங்கியிருக்கும்.

உதிரிபாகம்தான் இதில் பெரிய தொல்லை. 2என்3055 போன்ற பவர் டிரான்சிஸ்டர்களில் போலிகள் ஏராளம். வெளித்தோற்றம் ஒன்றுபோலவே இருக்கும். உள்ளே சிப் சிறியது. மெல்ல வைத்தால் பாடும், சத்தத்தை ஏற்றினால் வெடிக்கும். எனவே சென்னை ரிச்சி தெருவிலோ பெங்களூரு எஸ்.பி. சாலையிலோ தெரிந்த கடையில் வாங்கும் மெக்கானிக் இரண்டு நாள் தாமதித்தாலும் காத்திருப்பது நல்லது. மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குவதிலும் கூச்சம் வேண்டாம்.

சவுண்ட்பார், புளூடூத் செட் போன்றவற்றில் நுண்ணிய சிப்கள் நேரடியாக போர்டில் பதிந்திருக்கும். சூடான காற்றால் அவற்றை எடுத்து மாற்றும் கருவி இல்லாத கடையில் இவற்றைக் கொடுக்காமல், கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு அனுப்புவதே சரி. வாரன்டி காலத்தில் வேறெங்கும் திறக்கவே கூடாது.

யாரிடம் கொடுத்தாலும் மாடல் எண், பழுது, உத்தேசச் செலவு மூன்றையும் எழுதிய ரசீது அவசியம். காசு வாங்கிக்கொண்டு வேலையைச் சரியாகச் செய்யாதது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் சொல்லலாம். அதில் தீராவிட்டால் அந்த ரசீதோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது.