மரத்திலேயே வெந்துபோகும் ஆப்பிள்கள்

கனடாவின் டொரன்டோ நகருக்குக் கிழக்கே, ஒன்டாரியோ ஏரிக்கரையில் அமைந்துள்ள பிக்கரிங்கில் இலங்கையிலிருந்து புலம்பெயர்ந்த தமிழர்கள் கணிசமாக வாழ்கிறார்கள். செப்டம்பர் பிறந்ததும், இந்நகரம் அடங்கிய டர்ஹம் பிராந்தியத்தின் தோட்டங்களுக்குக் குடும்பமாகச் சென்று ஆப்பிள் பறிப்பது பலருக்கு வழக்கமாகிவிட்டது.

அங்கே சில பழங்களின் ஒரு பக்கத்தில் மட்டும் பழுப்புத் திட்டு காணப்படுவதுண்டு. இது நோயல்ல, வெயில் சுட்ட தழும்பு. இத்தகைய பழம் பெரும்பாலும் பழச்சாற்றுக்கே போகிறது. தோட்டக்காரருக்குக் கிடைக்கும் விலையும் வெகுவாகக் குறைகிறது.

குளிர்நாட்டில் இது எப்படி நேர்கிறது?

இலை நீரை ஆவியாக்கித் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. பழத்திற்கு அந்த வசதி மிகக் குறைவு. ஆகவே நேர்வெயிலில் அதன் தோல், காற்றைவிடப் பத்து பாகைக்கும் மேல் சூடாகக்கூடும். தோலின் வெப்பம் 46 முதல் 49 பாகை செல்சியஸை எட்டினால் பழுப்பு நிறம் படர்கிறது. 52 பாகையைத் தொட்டால் சில நிமிடங்களிலேயே தோலின் உயிரணுக்கள் மடிகின்றன.

மேற்கு மாகாணமான பிரிட்டிஷ் கொலம்பியாவின் லிட்டன் கிராமத்தில் 2021 ஜூன் 29ஆம் தேதி காற்றின் வெப்பமே 49.6 பாகையாகப் பதிவானது. அந்த வெப்ப அலையில் அம்மாகாணத்தின் ஒகனாகன் பள்ளத்தாக்கில் செர்ரிப் பழங்கள் மரத்திலேயே வெந்துபோயின.

ஆனால் அவ்வளவு வெப்பம் இல்லாமலும் பழம் கருகும். நிழலில் வளர்ந்த பழம் திடீரென வெயிலுக்கு வந்தால், 30 பாகையைச் சற்றே தாண்டிய நாளிலும் அதன் தோல் வெளிறிப் பின் பழுப்பாகிறது. இங்குதான் தோட்டக்காரரின் இக்கட்டு. சந்தை சிவந்த ஆப்பிளைக் கேட்கிறது. சிவக்க வெளிச்சம் வேண்டும். அதற்காக அறுவடைக்குச் சற்று முன்னர் பழத்தை மறைக்கும் இலைகள் அகற்றப்படுகின்றன. அந்த வாரம் வெயில் கடுமையானால் உழைப்பே வினையாகிறது. எனவே மேகமூட்டமான நாட்களில், சிறிது சிறிதாக இலை நீக்குவதே பாதுகாப்பானது.

நிழல் வலை நல்ல காப்பு, ஆலங்கட்டி மழையையும் தடுக்கும். ஆனால் செலவு அதிகம், சிவப்பும் குறையலாம். மரங்களின் மேல் நீர் தெளித்துக் குளிர்விக்கலாம், தண்ணீர் தாராளமாக இருந்தால். வாழைத்தாரைச் சருகால் மூடிக் காப்பது தமிழர்களுக்குப் பழகிய உத்திதான். ஆயிரக்கணக்கான ஆப்பிள்களுக்கு அது ஆகாது. ஆகவே கயோலின் என்ற வெண்களிமண்ணை நீரில் கரைத்து, வெப்பம் வருவதற்கு முன்பே சில முறை தெளிக்கிறார்கள். அது வெயிலைத் திருப்பியனுப்புகிறது. பறித்த பழத்தின் காம்புக் குழியில் அந்த வெண்பொடி தங்கியிருந்தால் நன்றாகக் கழுவித் துடைக்க வேண்டும்.