ஒரே தட்டில் இரு வெப்பங்கள்

அமெரிக்காவில் நவம்பர் மாதத்தின் நான்காம் வியாழக்கிழமை வரும் நன்றி நவிலல் நாளில் தொடங்கி, கிறிஸ்துமஸைக் கடந்து புத்தாண்டு வரை நீளும் பண்டிகைக் காலத்தில், வீடுகளில் செய்து உறவினர்க்கும் அண்டை வீட்டார்க்கும் தகர டப்பாக்களில் கொடுத்தனுப்பும் இனிப்புகளுள் ‘குக்கி பார்’ என்னும் வகைக்குத் தனி இடம் உண்டு. குக்கி என்பது இனிப்பு பிஸ்கட்டுக்கு அந்நாட்டவர் வழங்கும் பெயர். அதன் மாவைத் தனித்தனி வட்டங்களாக வைத்துச் சுடாமல், ஓரம் உயர்ந்த தட்டில் ஒரே பரப்பாக அழுத்திச் சுட்டு, ஆறியபின் துண்டு போட்டால் அது பார் ஆகிறது. தமிழக வீடுகளில் பர்பியைத் தட்டில் கொட்டி வில்லை போடுவதை ஒத்த இம்முறையில் ஒவ்வொன்றையும் உருட்டித் தட்டும் வேலை இல்லாததால், பலருக்கும் பங்கிட வேண்டிய பண்டிகை நாள்களில் அது பெரிதும் கைகொடுக்கிறது.

இந்த வகையுள் மேற்பரப்பில் மார்ஷ்மெல்லோ பரப்பிய பார் சற்றே நுட்பமானது. அடித்தட்டு வெண்ணெயும் மாவும் செறிந்தது. அது வேக ஏறத்தாழ 175 டிகிரி செல்சியஸ் வெப்பம் 20 நிமிடத்துக்கு மேல் வேண்டும். மேல்தட்டு, சர்க்கரைப் பாகில் காற்றை அடைத்து உறையவைத்த நுரை. அதே வெப்பத்தில் அதே நேரம் கிடந்தால் உருகி, குமிழ் உடைந்து, மாவுக்குள் வடிந்து பசையாகிவிடும். ஆகவே, பொருள்களின் அளவைக் காட்டிலும் எந்தச் சூட்டை எப்போது எதற்குக் கொடுப்பது என்பதிலேயே இவ்வினிப்பின் கைத்திறன் அடங்கியிருக்கிறது.

வேரிலிருந்து நுரைக்கு

மார்ஷ்மெல்லோ என்பது முதலில் ஒரு செடியின் பெயர். சதுப்பு நிலங்களில் வளரும் இச்செடி, வெண்டை, செம்பருத்தி, துத்தி ஆகியவை அடங்கிய மால்வேசி குடும்பத்தைச் சேர்ந்தது. அறிவியலில் இதற்கு ஆல்தியா அஃபிசினாலிஸ் என்று பெயர். ஆல்தியா என்னும் சொல் ‘குணமாக்குதல்’ என்று பொருள்படும் கிரேக்க வேர்ச்சொல்லிலிருந்து பிறந்தது. வெண்டைக்காயை நறுக்கும்போது கையில் ஒட்டும் வழவழப்பைப் போன்ற ஒன்று இதன் வேரிலும் உண்டு. தொண்டைப் புண்ணுக்கும் இருமலுக்கும் அது நெடுங்காலம் மருந்தாக வழங்கிவந்தது. பிரெஞ்சு மொழியில் இச்செடிக்கு ‘கிமோவ்’ என்று பெயர். பிரெஞ்சு மிட்டாய்க்காரர்கள் வேரின் வழவழப்பைச் சர்க்கரையோடும் முட்டை வெண்கருவோடும் சேர்த்து அடித்து, மருந்தை மிட்டாயாக மாற்றினார்கள்.

வேரிலிருந்து சாறெடுக்கும் வேலை கடினமானதாகையால், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதன் இடத்தை ஜெலட்டின் பிடித்தது. பெயரில் செடி எஞ்ச, பண்டத்திலிருந்து செடி நீங்கிவிட்டது. சோள மாவில் குழி பதித்து, அக்குழிகளில் பாகு நுரையை ஊற்றி உறையவைக்கும் முறை தொழிற்சாலை உற்பத்திக்கு வழிவகுத்தது. பின்னர் 1950களில் அமெரிக்கரான அலெக்ஸ் டூமாக், நுரையைக் குழாய் வழியே நீள்கயிறாகப் பிதுக்கித் துண்டு போடும் முறைக்கு வடிவம் கொடுத்தபின், இப்போது கடைகளில் காணும் உருளை வடிவம் நிலைபெற்றது.

கோடைத் தீயிலிருந்து குளிர்கால ஓவனுக்கு

அடித்தட்டில் சேர்க்கும் கிரஹாம் கிராக்கருக்கும் ஒரு வரலாறு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், சில்வெஸ்டர் கிரஹாம் என்னும் கிறிஸ்தவ போதகர் புலாலையும் மசாலாவையும் வெள்ளை மாவையும் விலக்கி, தவிடு நீக்காத கோதுமையை உண்ணும்படி பரப்புரை செய்தார். அவர் பெயரால் வழங்கும் முழுக்கோதுமை பிஸ்கட், நாவடக்கத்தின் அடையாளமாகத் தோன்றிப் பின்னாளில் இனிப்பின் தாங்குதட்டாக மாறியது. இரண்டு கிரஹாம் கிராக்கருக்கு நடுவே சாக்லேட்டையும், முகாம் நெருப்பில் குச்சி முனையில் வாட்டிய மார்ஷ்மெல்லோவையும் வைத்து அழுத்திய ‘ஸ்மோர்’ என்னும் தின்பண்டத்தின் செய்முறை, பெண் சாரணர் அமைப்பு 1927இல் வெளியிட்ட கையேட்டில் இடம்பெற்றது. ‘இன்னும் கொஞ்சம்’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்கள் குறுகியே அப்பெயர் உருவானது.

ஸ்மோர் கோடைக்கால முகாமுக்கு உரியது. பனி பெய்யும் டிசம்பரில் திறந்தவெளித் தீ எளிதன்று. அதே மூன்று சுவைகளை ஒரு தட்டில் அடுக்கி ஓவனில் சுட்டதன் பயனே மார்ஷ்மெல்லோ பார். பண்டிகை உணவில் மார்ஷ்மெல்லோவுக்கு அதற்கு முன்பே இடம் இருந்தது: மசித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கின் மேல் மார்ஷ்மெல்லோவைப் பரப்பிச் சுடும் செய்முறையை, ஒரு மார்ஷ்மெல்லோ நிறுவனத்துக்காக ஜேனட் மெக்கன்சி ஹில் 1917இல் எழுதிய சிறுநூல் பரப்பியது; இன்றளவும் பல வீடுகளில் நன்றி நவிலல் விருந்தில் அக்கிழங்கு இடம்பெறுகிறது.

அடித்தட்டு

20 சென்டிமீட்டர் சதுரத் தட்டு ஒன்றுக்கு 115 கிராம் வெண்ணெய், 150 கிராம் பிரவுன் சுகர், ஒரு முட்டை, ஒரு தேக்கரண்டி வெனிலா எசன்ஸ், 125 கிராம் மைதா, 75 கிராம் கிரஹாம் கிராக்கர் தூள், ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், கால் தேக்கரண்டி உப்பு ஆகியவை போதும். கிரஹாம் கிராக்கர் கிடைக்காத ஊர்களில் டைஜெஸ்டிவ் பிஸ்கட் அதற்கு நெருங்கிய மாற்று. பிரவுன் சுகர் என்பது வெல்லப்பாகை ஒத்த கரும்புக் கழிவுப்பாகு சேர்ந்த சர்க்கரை. ஈரத்தைப் பிடித்துவைக்கும் இயல்பு உள்ளதால், அது பாரைச் சில நாள்கள் மென்மை குன்றாமல் காக்கிறது. வெண்ணெயையும் சர்க்கரையையும் குழைத்து, முட்டையையும் எசன்ஸையும் சேர்த்து அடித்து, பிறகு உலர்ந்த பொருள்களைக் கலந்து, பட்டர் பேப்பர் விரித்த தட்டில் அழுத்தி, ஓரம் பொன்னிறமாகும்வரை சுட வேண்டும். வெளியே எடுத்ததும் சாக்லேட் துண்டுகளைத் தூவினால், மாவின் சூட்டிலேயே ஐந்து நிமிடத்தில் இளகும். அதைக் கரண்டியால் சமனாக்கி, முழுதும் ஆறவிட வேண்டும். சூடு தணியாத மாவின் மேல் நுரையை ஊற்றினால், அடியில் படும் பகுதி உறையாமலே வடிந்துவிடும்.

மேல்தட்டு

ஜெலட்டின் என்பது விலங்குகளின் தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் என்னும் புரதத்தைக் கொதிக்கவைத்துப் பெறுவது. கொலாஜனில் மூன்று இழைகள் கயிறுபோல் முறுக்கிக் கிடக்கும். வெப்பத்தில் முறுக்கு அவிழ்ந்த இழைகள், குளிரும்போது ஆங்காங்கே மீண்டும் பின்னிக்கொண்டு, நீரைச் சிறைப்படுத்தும் வலையாகின்றன. அவ்வலை உடல் வெப்பத்தை ஒட்டிய சூட்டிலேயே தளர்வதால்தான் மார்ஷ்மெல்லோ வாயில் கரைகிறது.

10 கிராம் ஜெலட்டின் தூளை 60 மில்லிலிட்டர் குளிர்ந்த நீரில் பத்து நிமிடம் ஊறவைப்பது முதல் படி. நேரே சூடான பாகில் கொட்டினால் தூள் கட்டிதட்டிவிடும். 150 கிராம் சர்க்கரை, 160 கிராம் கார்ன் சிரப், 60 மில்லிலிட்டர் நீர், ஒரு சிட்டிகை உப்பு ஆகியவற்றை 115 டிகிரி வரை காய்ச்ச வேண்டும். வெப்பமானி இல்லாதோர், அதிரசத்துக்குப் பாகு பார்ப்பதுபோல் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, அது கரையாமல் மெத்தென்று உருள்கிறதா என்று பார்க்கலாம். சோள மாவிலிருந்து எடுக்கும் கார்ன் சிரப்பில் குளுக்கோஸும் நீண்ட மாவுச்சத்துச் சங்கிலிகளும் இருப்பதால், சர்க்கரை மறுபடியும் மணலாக இறுகாமல் அது தடுக்கிறது. கொதி அடங்கிய பாகை ஊறிய ஜெலட்டினில் மெல்ல ஊற்றி, மின்சார பீட்டரால் எட்டு முதல் பத்து நிமிடம் அடித்தால், தெளிந்த பாகு வெண்மையாகிப் பல மடங்கு பொங்கும். இதில் கன அளவில் பாதிக்கும் மேற்பட்டது காற்றே. கிண்ணம் வெதுவெதுப்பாகும் நேரத்தில் நுரையை ஆறிய அடித்தட்டின் மேல் பரப்பி, குறைந்தது நான்கு மணி நேரம் விட வேண்டும். கடை மார்ஷ்மெல்லோக்கள் ஒன்றோடொன்று ஒட்டாதிருக்க மாவு பூசப்பட்டவை. வீட்டு நுரை பூச்சின்றி, இளக்கமாக இருக்கும்போதே படிவதால் சாக்லேட்டோடு நன்கு பற்றிக்கொள்கிறது.

உறைந்தபின் முகாம் நெருப்பின் வேலையை ஓவனின் மேல் கம்பி செய்கிறது. காற்று நிறைந்த நுரை வெப்பத்தை எளிதில் உள்ளே கடத்தாது. எனவே ஓரிரு நிமிடங்களில் மேற்பரப்பு மட்டும் கடும் சூடேறிப் பழுப்பாக, உள்ளே நுரை உருக் குலையாமல் இருக்கிறது. சர்க்கரை தானே கருகிப் பழுப்பாவது ஒரு மாற்றம். ஜெலட்டின் புரதமும் குளுக்கோஸும் வினைபுரிந்து வறுத்த மணத்தைத் தருவது மற்றொன்று. இரண்டாவது, அதை 1912இல் விளக்கிய பிரெஞ்சு அறிஞர் லூயி கமில் மயார் பெயரால் மயார் வினை எனப்படுகிறது. பொன்னிறத்துக்கும் கரிக்கும் இடையே சில நொடிகளே உள்ளதால், இக்கட்டத்தில் ஓவனை விட்டு நகரலாகாது.

ஜெலட்டின் அசைவப் பொருள் என்பதால், சைவ உணவினர் பொட்டலத்தின் குறியைப் பார்த்தே வாங்க வேண்டும். சைனா கிராஸ் எனப்படும் அகர் அகர் கடற்பாசியிலிருந்து கிடைக்கும் மாற்று. ஆனால் அது இளக ஏறத்தாழ 85 டிகிரி வேண்டும் என்பதால் வாயில் கரையாது, கடிபடும். முட்டை உண்போர், 1917இல் மாசசூசெட்ஸின் சோமர்வில் நகரில் ஆர்ச்சிபால்ட் குவெரி செய்து வீடு வீடாக விற்ற ‘மார்ஷ்மெல்லோ ஃப்ளஃப்’ வழியைப் பின்பற்றலாம். வெண்கருவால் ஆன அந்த நுரையில் ஜெலட்டின் இல்லை, ஆனால் அது இறுகி உறைவதும் இல்லை.

வெந்நீரில் நனைத்துத் துடைத்த கத்தியால், ஒவ்வொரு வெட்டுக்கும் மீண்டும் துடைத்து, 16 துண்டுகள் போடலாம். மார்ஷ்மெல்லோ காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் தமிழக டிசம்பரில் காற்றுப் புகாத டப்பா இன்றியமையாதது. துண்டின் வெட்டுமுகத்தில் வெள்ளை நுரைக்கும் பழுப்பு மாவுக்கும் இடையே சாக்லேட்டின் கோடு நேராகத் தெரிந்தால், இரு வெப்பங்களும் தத்தம் வேளையில் வந்துபோயிருக்கின்றன என்று அறியலாம்; கோடு குழம்பிப் பசையாகத் தெரிந்தால், நுரை தன் முறைக்கு முன்பே மாவின் சூட்டில் இறங்கிவிட்டது என்று பொருள்.